சேனை வைத்தவள்

எங்கள் மகளுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சியைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். அன்று அவள் வாயில் சாராய வாடை அடித்தது என்று சொன்னேன். அடிக்கவில்லை. வெற்றிலை வாசனைதான் வந்தது. பொறாமையால் சொன்னேன். வேறு காரணம் ஏதாவது அகப்படுமா என்று பல வருடம் தேடியிருக்கிறேன், அகப்படவில்லை.

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். என் அப்பா தெற்கேயிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவர். மனைவி நாங்கள் குடியிருந்த திருவொற்றியூரிலேயே பிறந்தவள். கல்யாணமானதும் அவள் பேச்சைத் திருத்தத் தொடங்கினேன். அவள் "கீது" என்றால் நான் "இருக்கு" என்பேன். அவளும் திருத்திக்கொண்டாள். பிறகு என்னிடம் பேசுவதே குறைந்துபோனது. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்திருந்தேன். வலி வந்ததும் அவள் ரிக்‌ஷாவில் ஏற மறுத்துவிட்டாள். "பெரிம்மாவக் கூப்டுங்க" என்றாள். பெரியம்மா என்று அவள் சொன்னது உறவுக்காரியை அல்ல, பின் தெருவில் இருந்த மருத்துவச்சியை. என் மச்சினன் அவள் கையில் பிறந்தவன்.

மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"இன்னா வாத்தியாரே, மூஞ்சி இப்டிப் போயிகீது? வலி உனுக்கா அவளுக்கா? வெளிய போய்க் குந்து, போ."

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளே என் மனைவி கத்தினாள். கத்தலுக்கு நடுவே ஒரு சிரிப்பும் கேட்டது. "ஐயோ பெரிம்மா, சிரிக்க வெக்காத, உசுரு போவுது!" கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என் குழந்தை பிறக்கப் போகிறது, எனக்கோ அந்தச் சிரிப்புதான் காதில் நின்றது.

பிறந்த குழந்தையின் உதட்டில் யாராவது ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள். சேனை வைப்பது என்பார்கள். வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. வகுப்பில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனாலும் ஒரு வாரம் முன்பே நல்ல தேன் வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். கதவு திறந்ததும் தேன் பாட்டிலோடு உள்ளே போனேன். அதற்குள் என் மனைவி, "நீயே வெய்யி பெரிம்மா. உன்னாட்டம் தெகிரியமா வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மருத்துவச்சி விரலை நனைத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். குழந்தை சப்பிற்று. நான் பாட்டிலை மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு குழந்தையைக் குளிப்பாட்ட அவள் தினமும் காலையில் வந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பாள். நான் தூக்கினால் வீரிட்ட குழந்தை அவள் காலில் கண்ணை மூடிக் கிடக்கும். "இது எம் பொண்ணு வாத்தியாரே, உனுக்கு வளக்கக் குடுத்துகீறேன்" என்பாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். என் மனைவி சிரிப்பாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவேன்.

பக்கத்து வீட்டுப் பெண் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. தண்ணீர் லாரிக்கு நின்றபோது, "சார், பெரிம்மாவையே கூப்டலாமா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்று கேட்டாள். தெருவில் எல்லாருக்கும் மனு எழுதித் தருபவன் நான். என் சொல்லுக்கு மதிப்பிருந்தது.

"கூப்பிடலாம். ஆனால் அன்றைக்கு அவள் வாயில் கொஞ்சம் சாராய வாடை" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். குடம் நிரம்புவதற்குள் அது தெருமுனையைத் தாண்டியிருக்கும். மெல்ல மெல்ல அவளைக் கூப்பிடுவது நின்றது. ஒரு நாள் என்னைத் தேடி வாசலுக்கே வந்தாள்.

"எவளோ பேஜாரு பண்ணிகினு கீறா வாத்தியாரே. நான் குட்ச்சிட்டு வந்தேனாம். நீதான் கூட இருந்தியே, நாலு பேராண்ட சொல்லேன். நீ சொன்னா நம்புவாங்க."

"பார்க்கலாம்" என்றேன்.

பொய்யைவிட இந்த "பார்க்கலாம்" கேவலமானது என்று இப்போது தெரிகிறது. அவள் குளிப்பாட்ட வருவதையும் விட்டாள். சில மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள். என் மனைவி அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன்.

மருத்துவச்சி மணலி புதுநகரில் மகன் வீட்டில் இருக்கிறாள் என்று போன வருடம் தெரிந்தது. பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் நின்றதால் திரும்பிப் போய்விட நிறைய நேரம் கிடைத்தது. ஆனாலும் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"நீயா?" என்றாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "எங்க ஓரகத்தின்னு நெனச்சேன். அவதான் என்னப் பாத்து எரிவா. சாவற வரிக்கும் அவளாண்ட நான் பேசல. பொணத்தக்கூடப் போய்ப் பாக்கல."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கத் தயாரித்துக்கொண்டு போன வாக்கியங்கள் இதற்குப் போதாது.

"உம் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவளாண்ட சொல்லிட்டு வா. அப்பால பேசு."

அன்று சாயங்காலமே சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"வாயத் தொறந்தா என் பேச்சத் திருத்துவியே, நீ பேசுனது இன்னா பேச்சு?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை "நீ" என்றதில்லை.

மறுநாள் காலை ஒரு பையில் புடவைகளை எடுத்துக்கொண்டு மணலிக்குக் கிளம்பினாள். மருத்துவச்சிக்கு இடுப்பு வலி, எழுந்து நடக்கத் துணை வேண்டும், மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். சில நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மழைக்காலம் முடிந்துவிட்டது. எங்கள் மகள் போனில் இருவரிடமும் பேசுகிறாள். என்னிடம் மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். என் மனைவி மருத்துவச்சிக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிடுகிறாள். ஏதோ கதை பேசிக்கொள்கிறார்கள். டீ கொடுக்கிறார்கள். குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதிலும் அவர்களைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. எப்போது வீட்டுக்கு வருவாய் என்று என் மனைவியிடம் இன்னும் கேட்கவில்லை.