வைனுக்கு ஒரு கை சீனி

பதுளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், அக்காவின் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். இத்தாலியின் பியமொந்தே மலையிலிருந்து நான் கொண்டுவந்த சிவப்பு வைனை, பாலில்லாத் தேநீர் குடிக்கும் பிளேன்டீ கிளாசில் ஊற்றுகிறாள். கொழுந்துக்கூடை என் தலையில் ஏறக்கூடாது என்றுதான் இத்தாலிக்கு அனுப்பிவைத்தாள். அங்கேயும் பறிக்கிற வேலைதான், திராட்சை என்று தெரிந்தால் என்ன சொல்வாளோ?

ஒரு மிடறிலேயே முகம் சுளிக்கிறாள். "சாயம் ரொம்பக் கடுப்பா இருக்குடி. கைய நீட்டு."

சின்ன வயதில் பிளேன்டீயோடு நக்கிக் குடிக்க வைத்ததுபோலவே என் உள்ளங்கையில் சீனி வைக்கிறாள். என் விரல்களில் கறையைப் பார்த்துவிடுகிறாள்.

"அங்கயும் பறிக்கிறதுதானா?"

"ஆமாக்கா. திராட்ச."

கொழுந்துக் கறை படிந்த தன் விரல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். "பனி எறங்குமா?"

"பக்கத்து ஆளே தெரியாதுக்கா."

"இங்கன்னா பனியில ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டுக்குவோம். அங்க ஒன்னையக் கூப்பிட யாரு இருக்கா?"

நான் உள்ளங்கைச் சீனியை நக்கி, வைனை ஒரு மிடறு குடிக்கிறேன். அக்கா இன்னும் கொஞ்சம் சீனி வைக்கிறாள்.