சாயத்தண்ணி குடித்த டிராம்போன்

ஹாலிஎல பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் நிஷாந்தினிக்கு எதைக் கண்டாலும் அளந்து பார்க்க வேண்டும். எங்கள் பாண்ட் குழுவில் அவள் சிம்பல் தட்டுகிறவள். பக்கத்தில் நின்று டிரம் அடிப்பவன் நான். போன வருஷம் ஓர் ஒத்திகையில், கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து, எங்கள் குழுவின் பித்தளை ஊதுகருவியான டிராம்போனை அளக்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. அதை வாசித்தே தீருவது என்ற ஆசை அன்றைக்கே அவளுக்குள் புகுந்துவிட்டது.

ஆசைக்குக் குறுக்கே நின்றது அவளுடைய கை. டிராம்போனில் குழாயை முன்னால் நீட்ட நீட்ட, காற்று போகும் வழி நீண்டு சத்தம் தாழும். மிகத் தாழ்ந்த அடிச்சத்தம் வேண்டுமென்றால் கையை முழுக்க நீட்ட வேண்டும். டிராம்போன் வாசிக்கும் இந்திரஜித், எங்கள் மாஸ்டர் வைரவநாதனின் மகன், பனைமர உயரம், அவனுக்கு எட்டும். நிஷாந்தினிக்கு நாலு விரற்கடை குறைந்தது.

மாஸ்டரின் பதுளை ஹார்ட்வெயார் கடைப் பரணில் இன்னொரு டிராம்போன் சும்மா கிடந்தது. குழாய் அகலம், கனமும் கூட, மூச்சையெல்லாம் விழுங்கிவிடும் என்று யாரும் அதைத் தொடுவதில்லை. அதன் பின்பக்கத்தில் ஒரு குழாய்ச் சுருள் இருந்தது. கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்தினால் காற்று அந்தச் சுருளையும் சுற்றிவிட்டு வரும். கை அசையாமலே சத்தம் இறங்கிவிடும். அவள் அதைக் கேட்டு வாங்கி, தினமும் கடை பூட்டியபின் ஊதிப் பார்த்தாள். இந்திரஜித்தின் ஒல்லிக் குழாய் கூராக ஒலிக்கிறது, அடுத்த மலைக்கும் கேட்கிறது, மூச்சும் கொஞ்சம் போதும். ஆனால் கீழே இறங்கினால் தகரத்தைத் தட்டியது மாதிரி ஆகிவிடுகிறது. அகலக் குழாயில் அதே சத்தம் உருண்டு திரண்டு வருகிறது. ஏன் அப்படி, ஏன் அப்படி என்று கேட்டு என் உயிரை வாங்கினாள். எனக்கு என்ன தெரியும்?

கடைசியில் மாஸ்டர் இறங்கி வந்தார். மடுல்சீமையில் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில், ஆற்றங்கரையிலிருந்து கரகம் தூக்கும்போது பாட்டுக்கு முன்னால் வரும் நீண்ட அடிச்சத்தத்தை அவள் வாசிக்கட்டும் என்றார். சொதப்பினால் மறுபடி சிம்பல்தான், அதற்குமேல் பேச்சில்லை என்றும் சொல்லிவிட்டார்.

திருவிழாவுக்கு முதல் நாள் அவள் இழுப்புக் குழாய்க்குத் தேங்காய் எண்ணெய் போட்டாள். தலைக்கு, விளக்குக்கு, தையல் மெஷினுக்கு என்று நமக்கு எல்லாவற்றுக்கும் அதுதானே. ஹாலிஎல வெயிலில் குழாய் வழுக்கிக்கொண்டு போனது. விடிகாலை மடுல்சீமை ஆற்றங்கரையில் பல் கிட்டும் குளிர். எண்ணெய் உறைந்து, குழாய் இம்மியும் நகரவில்லை. பாவி, மலையில் பிறந்தவளுக்கு இது தோன்ற வேண்டாமா? ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது.

மாஸ்டர் சிம்பல் தட்டுகளை அவளிடம் நீட்டினார். பூசாரி கரகத்தில் கை வைத்துவிட்டார். அவள் குழாயைப் பார்த்தாள், தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"மாஸ்டர், அந்தச் சத்தத்துக்குக் கைய நீட்டவே வேணாங்க. வெரலு போதும்."

"அதுக்கப்புறம் வர்ற பாட்டுக்கு என்னா செய்வ?"

அவள் திரும்பினாள். அவளுடைய அம்மா ரெங்கம்மா கேத்தலோடு எல்லோருக்கும் சுடச்சுட, பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டுதான் சாயத்தண்ணி குடிப்போம். கேத்தலுக்குள் சீனி விழாது, அதனால் பிசுபிசுப்பும் கிடையாது.

"அம்மா, நான் ஊதறப்ப கொழா மேல ஊத்து."

கரகம் எழுந்தது. அவள் விசையை அழுத்தி ஊதினாள். அந்தச் சத்தம் காதுக்கு வருமுன்னே என் டிரம் தோலில் அதிர்ந்தது. ரெங்கம்மா பக்கவாட்டில் நடந்தபடியே, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற நிதானத்தோடு ஊற்றினார். திடீரென்று குழாய் விட்டுக்கொடுத்து முன்னால் வழுக்கியது, சத்தம் சரிந்தது. பூசாரியே திரும்பிப் பார்த்தார். அவள் குழாயை எட்டிப் பிடித்து, சரிந்த சத்தத்தை மேலே இழுத்து, அப்படியே பாட்டுக்குள் போய்விட்டாள்.

பாட்டில் சிம்பல் சேர வேண்டிய இடம் வந்தது. தட்ட ஆளில்லையே என்று திரும்பினேன். அவளுக்காக நீட்டிய தட்டுகளை மாஸ்டரே கையில் மாட்டிக்கொண்டு, என் அடிக்குச் சரியாகத் தட்டிக்கொண்டு வந்தார்.