ராபர்ட்சன்பேட்டையில் ஏர் பிளாஸ்ட்

கோலார் தங்க வயலில் தனியார் பள்ளிகளின் மாநாடு. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப்போகும் எங்கள் கம்பெனிக்கு ராபர்ட்சன்பேட்டை மண்டபத்தில் ஒரு மேசை. தலைமையாசிரியை ஒருவருக்கு மகாபலிபுரம் கடற்கரைப் படத்தைக் காட்டுகிறேன். காலடியில் தொம்மென்று ஓர் அடி. ஜன்னல்கள் கடகடக்கின்றன. நான் மேசையை இறுகப் பற்றுகிறேன். வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைமையாசிரியை சிரிக்கிறார்.

"இன்னா சார், பயந்துட்டீங்களா? ஏர் பிளாஸ்ட்தான். மூடுன மைன்ஸ் உள்ள பாறை வெடிக்குது. எங்க பசங்க இதுக்குப் புரண்டுகூடப் படுக்க மாட்டாங்க."

அடுத்த அடிக்காக என் கால்கள் காத்திருக்கின்றன.

அவர் படத்தையே பார்க்கிறார். குரல் இறங்குகிறது.

"இவ்ளோ தண்ணி! எங்க புள்ளைங்க கடலே பாத்ததில்ல சார். பயம் ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணுமில்ல மேடம்" என்கிறேன், மேசையை விடாமல்.