சுடுகாட்டுக்குப் போகாத பாடை

காஜா பெராங் குடியிருப்பில் சாரதாம்பாள் குரலெடுத்தால் ஊரின் மறுகோடியில் இருக்கும் பண்டார் ஹிலிர் புறாக்கள் கூரையை விட்டுப் பறக்கும் என்பார்கள். எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை.

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறிய மறுவாரம் ஒரு காலையில் அவள் தம்பி தியாகு பாயை விட்டு எழவில்லை. மூட்டை சுமந்த முதுகுவலிக்கு அபின் உருண்டை விழுங்கிப் பழகியவன். அன்று அளவு மிஞ்சிவிட்டது. அக்கம்பக்கத்தார் அவசரக்காரர்கள். அக்கா சந்தையிலிருந்து திரும்புவதற்குள் மூங்கில் வெட்டிப் பாடையே கட்டிவிட்டார்கள்.

திரும்பி வந்தவள் முகம் பார்க்கும் கண்ணாடியை அவன் மூக்கருகே பிடித்தாள். லேசாகப் பனி படர்ந்தது.

“மூச்சு இருக்குய்யா! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!”

பாடை கட்டிய நல்லையா தலையைச் சொறிந்தார். “அபின் கேஸு தங்கச்சி. போலீஸ்காரன் அவனையும் பிடிப்பான், தூக்கின எங்களையும் பிடிப்பான்.”

“பொணத்தைத் தூக்கினா பிடிப்பானா?”

“அதெப்படிப் பிடிப்பான்?”

“அப்போ பொணமாவே தூக்குங்க. எவனாவது வாய்க்கரிசி போட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்!”

சங்கு ஊதியது. மாலை போட்ட பாடை ஓட்டமும் நடையுமாகக் கிளம்பியது. சாரதாம்பாள் அழுகிற சாக்கில் தம்பி கன்னத்தில் பளார் பளாரென்று அறைந்து, “தூங்காதடா பாவி, மூச்ச இழு!” என்று ஒப்பாரி வைத்தாள். சந்தியில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வழிவிட்டார். அவரைக் கண்டதும் நல்லையா குரலைத் தாழ்த்தினார்.

“பொம்பளைங்க சந்தியோட நின்னுக்கணும் தங்கச்சி. அதானே வழக்கம்.”

“அது சுடுகாட்டுக்குப் போறப்ப!” அவள் முன்மூங்கிலைப் பிடித்து ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினாள். போலீஸ்காரர் தொப்பியை மாட்ட மறந்து நின்றார்.

ஆஸ்பத்திரியில் பேர் பதியும் கிராணி, “அபினா? போலீஸ் ரிப்போர்ட் எங்கம்மா?” என்றார்.

அவள் பாடையை வாசலுக்குக் குறுக்கே இறக்கச் சொன்னாள். “நாடே சுதந்திரம் வாங்கிடுச்சு. என் தம்பி மூச்சு விடறதுக்கு உங்கிட்ட சீட்டு வாங்கணுமா? டாக்டரைக் கூப்பிடு. அதுவரைக்கும் இது நகராது.”

டாக்டர் பாடையைத் தாண்டிக் குதித்தே வந்தார். குழாய் விட்டு வயிற்றைக் கழுவி, ஊசி போட்டார்கள். சாயங்காலம் தியாகு கண் விழித்து மாலையைப் பார்த்தான். “யாருக்குக்கா கல்யாணம்?”

அபின் பழக்கத்துக்கும் அங்கேயே ஒரு மாதம் வைத்தியம் நடந்தது.

பாடையை எரிக்கச் சொன்னார்கள். சாரதாம்பாள் வீட்டு வாசலில் சாத்தி வைத்தாள். எந்த வீட்டில் எவனுக்கு அபின் மிஞ்சினாலும் அதுதான் போகும், முன்னால் அவளும்.

“வாசல்ல பாடையா? அபசகுனம்” என்று ஒருவர் முகம் சுளித்தார்.

“இது பதினோரு பேரைப் படுக்க வச்சுத் தூக்கிட்டுப் போயிருக்கு. பதினோரு பேரும் நடந்து திரும்பினாங்க. உங்க சகுனம் எத்தனை பேரைக் காப்பாத்துச்சு?” என்றாள்.