சித்தப்பாவின் தாண்டலும் மந்திரித்த மெழுகுதிரியும்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நினைப்பேன். கோவில் காரியத்தையும் விளையாட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறாள் என்பார்களே என்று விட்டுவிடுவேன். இப்போது சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில், படுக்கையில் இருக்கும் கணவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் கை ஓய்கிறது, மனசு ஓயமாட்டேன் என்கிறது. ஆண்டவர் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஆங் மோ கியோவில் எங்களுக்கு வீடு கிடைத்த புதிது. அப்பாவுக்கு நெஞ்சில் நோய். மூன்றாம் மாடி ஜன்னலோரக் கட்டில்தான் அவருக்கு உலகம். அம்மா ஆபீஸ் ஆபீஸாகக் கூட்டித் துடைத்துவிட்டு வந்து அவரைப் பார்ப்பாள். அந்த வீட்டுக்குத்தான் கப்பலில் வேலை செய்த சித்தப்பா லீவில் வந்தார்.

நார்வேயில் கப்பல் நின்றபோது பனிச்சறுக்குத் தாண்டல் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். அந்தக் காலத்துக் கிழவர்கள் முறையாம். பலகை இரண்டையும் ஒட்டிவைத்து, அந்தரத்தில் கைகளை முன்னே நீட்டி, மூக்கு பலகை நுனியைத் தொடுகிற மாதிரி சாய வேண்டும். இறங்கும்போது, பூசையில் முழங்காலிடப் போகிறவர் போல ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே.

"இந்த ஊர்ல கடையில சீவிப் போட்டுத் தர்ற ஐஸ் கச்சாங்லதான்டா பனி இருக்கு" என்றார் அப்பா.

"ஈரப் புல்லு போதும்ணே. மழை பெய்யட்டும்."

மழையும் பெய்தது. சித்தப்பா பெட்டிப் பலகைகளில் பழைய சப்பாத்துகளை ஆணியடித்து, கீழே புல்மேட்டில் ஏறி நின்றார். பலகை நகரவில்லை. மேலே வந்து, "மெழுகு தேய்க்கணும்ணே" என்றார். அப்பா கண்ணாலேயே பீடத்தைக் காட்டினார். மாதா படத்துக்குப் பின்னாலிருந்த நீள மெழுகுதிரியைச் சித்தப்பா எடுத்தார். கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். பிறகு போனார்.

இந்தத் தடவை பலகை வழுக்கியது. கைகளை நீட்டிக்கொண்டு சாக்கடையைத் தாண்டிப் பறந்து, ஒரு கால் முன்னே வைத்து இறங்கி, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"மூக்கு தொடலடா. இன்னொரு தடவை போ" என்று அப்பா ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தார். சிரித்தார், இருமினார், மறுபடியும் சிரித்தார். சித்தப்பா இருட்டும்வரை தாண்டினார்.

அம்மா வந்தபோது மெழுகுதிரியில் கட்டைவிரல் அளவுதான் மிச்சம். பிப்ரவரித் திருநாளில் சுவாமியார் மந்திரித்துக் கொடுத்தது அது. சாகக் கிடப்பவர் கையில் ஏற்றிக் கொடுப்பதற்காக எங்கள் வீடுகளில் பத்திரப்படுத்துவோம்.

"கடையில மெழுகுதிரியே கிடைக்கலையா உங்க தம்பிக்கு?"

"நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? என்ன அவசரம் இப்போ?" என்றார் அப்பா.

அம்மா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதாள். மெழுகுதிரி போனதற்காக அழுகிறாள் என்றே நினைத்தேன். சேலையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் புதுசு தருவாங்கம்மா. அப்பாவையே போய் வாங்கிட்டு வரச் சொல்லலாம்" என்றேன். அவள் அழுகை கூடிற்று. நல்லதைத்தானே சொன்னோம், இதற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

இதை யாருக்காவது சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். சித்தப்பா ஓர் அடி கூடுதலாகத் தாண்டியதாகவும் வேண்டாம். அம்மா ஒரு சொட்டுக் குறைவாக அழுததாகவும் வேண்டாம்.