கண்ணாடிக் குழாயும் என் உடம்பும்

காலையில் ரப்பர் வளையத்தைக் கழற்றியபோது ஆண்குறியின் அடியில் கருநீலமாக ஒரு கோடு தெரிந்தது. வலி இல்லை. அதனால் பயமும் வரவில்லை. மறுநாளும் வீக்கம் வடியாமல் தோலில் செம்புள்ளிகள் பரவியபோதுதான் அவிநாசியில் கோயமுத்தூர் பஸ் ஏறினேன். அழுகிவிடுமோ, வெட்டிவிடுவார்களோ என்பதே வழியெல்லாம் நினைப்பு.

எனக்கு நீரிழிவு (சிறுநீரில் சர்க்கரை போகும் நோய்). விறைப்பு நின்று ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. மனைவி பாவாத்தாளிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பத்திரிகை விளம்பரம் பார்த்துப் பம்பாயிலிருந்து அந்தக் கருவியைத் தபாலில் வரவழைத்தேன். ஒரு கண்ணாடிக் குழாய், காற்றை உறிஞ்ச ஒரு கைப்பம்பு, ஒரு ரப்பர் வளையம். காற்றை இழுத்தால் உறுப்புக்குள் இரத்தம் ஏறும். வளையம் அதை இறங்காமல் பிடித்துக்கொள்ளும்.

கிணறுகளுக்கு எண்ணெய் எஞ்சின் பூட்டுவது என் தொழில். பம்பு இழுக்கவில்லை என்றால் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள். குழாய் எனக்கு அகலமாக இருந்தது. சைக்கிள் டியூபை வெட்டி வாய்ப்பக்கம் சுற்றி அடைத்துவிட்டுப் பலமாக இழுத்தேன். பிறகு வளையத்தோடு தூங்கிப்போனேன்.

கோயமுத்தூரில் டாக்டரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன்; கருவியும் என் பையில் இருந்தது. அவர் என்னைப் பரிசோதித்தார்.

“எடுத்துருவீங்களா?” என்றேன், தரையைப் பார்த்தபடி.

“அதெல்லாம் இல்லீங்க. இரத்த ஓட்டம் இருக்குது. இன்னுங் கொஞ்ச நேரம் தூங்கியிருந்தா நான் சொல்றது வேறயா இருக்கும். அந்தக் குழாயைக் கொடுங்க, பாக்கலாம்.”

புத்தகத்தில் படித்திருந்தாலும், அவரும் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பது அன்றுதான் போலும். குழாயின் வாயைத் தம் புறங்கையில் வைத்து இழுத்தார். எலும்பு மேட்டில் பொருந்தாமல் காற்று புகுந்தது. கட்டைவிரலின் அடிச்சதையில் வைத்ததும் சதை மேடாக எழும்பியது. பிறகு என் கையில் அதே அளவு இழுத்தார். மெல்லிய தோல் சட்டென்று சிவந்துவிட்டது.

“பம்பு ஒண்ணுதானுங்க. கைதான் வேற வேற.”

வெட்கத்தை மறந்து கேள்வி கேட்கத் தொடங்கினேன். அவரும் ஒவ்வொன்றாக விளக்கினார். குழாய் அகலமானால் விரைப்பையின் (விதைகள் இருக்கும் பை) தளர்ந்த தோலும் உள்ளே இழுபடும். குறுகலானால் உறுப்பு நசுங்கும். எனக்கு இயற்கையிலேயே இடப்பக்கம் சற்று வளைவு. அந்தப் பக்கம் கண்ணாடியில் அழுந்தியதால்தான் அங்கே புள்ளிகள் அதிகம். முன்தோல் (நுனியை மூடும் தோல்) இறுகியவர்களுக்கு அது பின்னால் மாட்டிக்கொள்ளக்கூடும். இரத்தம் எளிதில் உறையாதவர்கள் இதைத் தொடவே கூடாது. நீரிழிவில் நரம்பு மரத்துப்போவதால் வலி வந்து எச்சரிக்காது. அதனால் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வளையம் அரைமணிக்கு மேல் இருக்கக் கூடாது.

“ஊட்ல அம்மணிகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?”

“இல்லீங்க.”

“மொதல்ல அதைச் செய்யுங்க.”

சொன்னேன். பாவாத்தாள் குழாயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“ஏனுங்க, என்னைக் கண்டாலே புடிக்காமப் போச்சுன்னு நெனைச்சு எத்தனை நாள் அழுதிருப்பேன்?” என்றாள். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஊர்க் கெணத்துக்கெல்லாம் பம்பு வெக்கற மனுசன்...” என்று தொடங்கியவள், முடிக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு தன் முன்னங்கையை நீட்டினாள். “இதுல வெச்சு இழுங்க. எப்படித்தான் இருக்குதுன்னு பாக்கறேன்.”

நீலம் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தது. சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைத்தேன். தோல் நன்றாக ஆறிய பிறகு, டாக்டர் எனக்குப் பொருந்தும் அளவில் வேறொரு குழாய் தருவித்தார். அதில் ஒரு சிறு துளை உண்டு. மூடியிருக்கும் விரலை எடுத்தால் காற்று உள்ளே போய்ப் பிடி தளரும்.

முன்பெல்லாம் உடம்பு என்னைக் கேட்காமலே வேலை செய்தது. நானும் அதைக் கவனித்ததில்லை. இப்போது கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, தோலின் நிறம் பார்த்து, காத்திருக்கிறோம். அந்த இடைவெளிகளில் பாவாத்தாள் ஏதாவது பேசுவாள். மணமான நாள் முதல் எனக்குத் தெரியாமலே இருந்த பல செய்திகளை அப்படித்தான் கேட்டேன். சில நாள் பேச்சிலேயே பொழுது போய்விடும். குழாயைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் படுப்பேன். அந்த நாளை வீண் என்று எண்ணத் தோன்றுவதில்லை.