லாரிக்கு எண்ணெய்க் குளியல்

என் வீட்டுக்காரர் சுத்தம் பார்க்கிற மனிதர். வேட்டியில் ஒரு பொட்டுக் கறை பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் கையில்தான் தோட்டத்துத் துரை ஒரு டீசல் லாரியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

முப்பதுகளின் பின்பாதி அது. மலாயாவில், சுங்கை ரம்பாயிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அதற்கு முன் இவர் ஓட்டியது பெட்ரோல் லாரி. அதில் கம்பியை விட்டு எஞ்சின் எண்ணெயைப் பார்த்தால் வாரக்கணக்கில் தேன் நிறத்திலேயே இருக்குமாம். டீசல் லாரி அப்படியில்லை. புது எண்ணெய் ஊற்றி மலாக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வந்து கம்பியை இழுத்தால், மை மாதிரி கறுப்பு. இவருக்கு முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்ததோடு சரி.

மலாக்காவில் பட்டறை வைத்திருந்த சீனர் ஒருவர் விளக்கமாகத்தான் சொல்லியிருக்கிறார். டீசல் எஞ்சினில் எண்ணெய் உடனே கறுத்துவிடும், நிறத்தைப் பார்க்காதே, எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்த்து மாற்று என்று. இவர் கேட்பாரா? "எண்ணெ தேச்சுக் குளிக்காத மனுசனுக்கு எண்ணெயப் பத்தி என்னா தெரியும்?" என்றார் என்னிடம்.

இவருக்குத் தெரிந்த எண்ணெய் சாஸ்திரம் ஒன்றே ஒன்று. உடம்பில் சூடு ஏறும், எண்ணெய் அதை இழுத்துக்கொள்ளும், கழுவிவிட்டால் கண் குளிரும். டீசல் எஞ்சின் பெரிய சூட்டு உடம்பு, அதனால்தான் எண்ணெய் கறுக்கிறது என்று தாமாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அன்று முதல் சனிக்கிழமை தவறாமல் லாரிக்கு எண்ணெய்க் குளியல். அடியில் திருகாணியைக் கழற்றிக் கறுப்பு எண்ணெயை வாளியில் இறக்கி, புது எண்ணெய் ஊற்றி, மேலெல்லாம் தண்ணீர் விட்டுத் துடைத்து, கடைசியில் ஒரு பொட்டும் வைப்பார். ஆட்களை வேலை வாங்குகிற தண்டலின் மனைவி இதில் ஒரு குறை கண்டுபிடித்தாள். பொட்டு வைத்துக்கொள்கிற வண்டி பெண்தானே, பெண்ணுக்கு வெள்ளிக்கிழமையல்லவா குளியல் என்றாள். வேலையாட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் இரண்டு வாரம் இதே பேச்சு. இவர் மட்டும் சனிக்கிழமையை விடவில்லை.

நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. காரணம் அந்த வாளி. கறுப்பு எண்ணெயை வீட்டுக் கால்களில் பூசினால் கறையான் கிட்டே வராது. லயத்தில் கறையான் அரிக்காத வீடே கிடையாது. ஆகவே சனிக்கிழமை மாலையானால் கொட்டாங்கச்சியும் தகரக் குவளையுமாக என் வாசலில் பெண்கள் கூடிவிடுவார்கள். யார் கையில் முருங்கைக்காய், யார் கையில் கருவாடு என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அகப்பையை வாளிக்குள் விடுவேன். துரைசாணி கூட அப்படி அதிகாரம் பண்ணியிருக்க மாட்டாள்.

அந்த வாசலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். லாரிக் கொட்டகையை ஒட்டி டிரைவருக்கென்று தனி வீடு. லாரி கழுவுவதற்காகப் போட்ட தண்ணீர்க் குழாய் எங்கள் அடுப்படிக்குப் பின்னாலேயே வந்தது. லயத்தில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய், விடிவதற்குள் குடத்துக்குக் குடம் சண்டை. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சண்டையில் என் வளையல்கள் உடைந்திருக்கின்றன. டிரைவர் வீட்டுக்குக் குடிபோன அன்று அந்தக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சும்மா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வீட்டை விட்டு என்னை யாரும் கிளப்ப முடியாது என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் ரப்பர் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். மலாக்காவுக்கு ஏற்றுகிற ரப்பர் ஷீட்டு குறைந்தது. லாரி எப்போதாவது ஒரு நடை மலாக்காவுக்குப் போய்விட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டது. ஓட்டம்தான் நின்றதே தவிர, குளியல் நிற்கவில்லை. ஓடாத லாரி எண்ணெயை இப்படிக் குடிக்கிறதே என்று ஸ்டோரில் கணக்குப் பார்த்த பெரிய கிராணி துரையிடம் போனார். வந்தது பதில். மழைக்காலம் முடியும் வரை ஒரு சொட்டு எஞ்சின் எண்ணெய் கிடையாது. அதற்குள் லாரி மக்கர் பண்ணினால் விற்றுவிட்டு மாட்டு வண்டி வைத்துக்கொள்வார்கள். டிரைவர் பால்மரம் வெட்டப் போக வேண்டியது. வீடு வண்டிக்காரனுக்கு.

எனக்கு அந்தக் குழாய்தான் கண் முன் நின்றது. இவருக்கோ வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ கவலையில்லை. அடுத்த சனிக்கிழமை லாரி குளிக்காமல் இருக்குமே என்பதுதான் கவலை. அந்தச் சனிக்கிழமை வந்ததும், காலையிலிருந்து கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுடுகிறது என்றார். தகரக் கூரைக்கடியில் நின்ற இரும்பு சுடாமல் என்ன செய்யும்?

மத்தியானம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது இவர் அடுப்படிக்குள் வந்து, மேல் பலகையிலிருந்த என் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நழுவினார். ஓடிப்போய்க் கொட்டகை வாசலை மறித்தேன்.

"நல்லெண்ணெதான் சூட்டுக்கு நல்லது புள்ள," என்றார், திருடன் மாதிரி போத்தலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. "மனுசனுக்கே ஒத்துக்குது. இதுக்கு ஒத்துக்காதா?"

அந்தப் போத்தல் எஞ்சினுக்குள் போனால் நாளைக்கே நான் லயத்துக் குழாயடியில் நிற்க வேண்டியதுதான். கத்தியிருப்பேன். கத்தினால் இவர் இன்னும் பிடிவாதம் பிடிப்பார் என்பதும் தெரியும். இவருடைய சாஸ்திரத்தையே எடுத்து இவர் மேல் வீசினேன்.

"எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டுப் பகல்ல தூங்குனா என்னாங்க ஆவும்?"

"ஒடம்பு கெட்டுப்போவும். காச்சல் வரும்."

"ஒங்க லாரி சனிக்கெழம குளிக்குது. குளிச்சிட்டு என்னா செய்யுது?"

இவர் திரும்பி லாரியைப் பார்த்தார். பிறகு போத்தலை என் கையில் கொடுத்துவிட்டு, "தூங்குது," என்றார்.

அதோடு குளியல் நின்றது. ஓடுகிற வண்டிக்குத்தான் எண்ணெய், தூங்குகிற வண்டிக்கு எண்ணெய் விஷம் என்று இவரே லயத்தில் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். சீனர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். நான் அதை நினைவூட்டப் போகவில்லை. மழை பெய்தது, மாதம் போனது, எஞ்சினுக்குள் அதே கறுப்பு எண்ணெய் கிடந்தது, லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. முருங்கைக்காய் வருவதும் நின்றுபோயிற்று. போகிறது, வீடு இருக்கிறதே என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இவரோடு அப்படி நிம்மதியாக இருந்துவிட முடியுமா? இத்தனை சனிக்கிழமை குளித்துவிட்டுத் தூங்கிய பாவம் லாரியின் உடம்பில் சேர்ந்திருக்குமே என்று புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அதற்குப் பரிகாரம், இனிமேல் லாரியைப் பகலில் தூங்க விடக் கூடாது. மத்தியானம் சாப்பிட்டதும் போய் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். லாரி கடகடவென்று நின்ற இடத்திலேயே ஆடும். அடுப்படியில் என் பாத்திரங்களும் சேர்ந்து ஆடும். மேட்டு பங்களாவில் துரை சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரமும் அதுதான்.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துரை இறங்கி வந்தார். தலை கலைந்திருந்தது, காலில் வீட்டுச் செருப்பு. பின்னால் பெரிய கிராணி ஓட்டமும் நடையுமாக. நான் கதவிடுக்கில் நின்று, எந்தப் பாத்திரத்தை முதலில் மூட்டை கட்டுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். லாரி ஏன் நின்றுகொண்டு சத்தம் போடுகிறது என்று துரை தமக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"பகல்ல தூங்கக் கூடாதுங்க தொரை," என்றார் என் வீட்டுக்காரர், கையைக் கட்டிக்கொண்டு.

துரையின் கண் இன்னும் தூக்கத்தில் சிவந்திருந்தது. யாரைச் சொல்கிறான் என்பது போல் கிராணியைப் பார்த்தார். இந்த மனிதர் என் குடியைக் கெடுத்துவிட்டாரே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் கிராணி ஒரு வார்த்தை சொன்னார், அவருக்குக் கோடி புண்ணியம். இந்த லாரிக்கு ஸ்டோரிலிருந்து எண்ணெய் எடுத்தே ரொம்ப நாளாகிறது, எஞ்சினும் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றார். துரை லாரியைச் சுற்றி வந்தார், உதைத்தும் பார்த்தார். பிறகு, "தூங்கக் கூடாது, சரி. அப்போ வேலை செய்யும்," என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனார்.

மறுவாரமே ஏற்பாடாகிவிட்டது. லாரி இல்லாத பக்கத்துத் தோட்டங்களின் ஷீட்டையெல்லாம் எங்கள் லாரி மலாக்காவுக்கு ஏற்றிப்போக வேண்டும். திரும்பும்போது சுங்கை ரம்பாய்க் கடைகளுக்குச் சாமான். தீபாவளிக்குக் கூட ஒரு நடை இருந்தது. லாரி ஓடிய ஓட்டத்துக்குக் கிராணியே கூப்பிட்டு எண்ணெய் கொடுத்தார். மாற்றுவதெல்லாம் மலாக்காப் பட்டறையிலேயே நடந்தது. இவருக்குப் பரம திருப்தி. இருட்டோடு கிளம்பி இருட்டோடு வருவார், வந்ததும் லாரியைத் துடைப்பார், சாப்பிட்டபடியே கண்ணை மூடுவார்.

வீட்டை விட்டு எங்களை யாரும் கிளப்பவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். பகல் முழுவதும் அந்த வீட்டில் நானும் குழாயும்தான். கொட்டகையும் காலி. சண்டை போடக் கூட ஆள் இல்லாமல் ஒருநாள் குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தேன். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தேன். குழாயடியில் வழக்கம்போல் கூட்டம், வழக்கம்போல் கூச்சல். தண்டலின் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்க வீட்டுல தண்ணி வரலியா?"

"வருதுக்கா," என்றேன். போய் வரிசையில் கடைசியாக நின்றேன்.